மூன்று பேர் மேசை

502இலிருந்து 187ஐக் கழிக்கச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, 485 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. 5இல் 1 போனால் 4. 8இல் 0 போனால் 8. 7இல் 2 போனால் 5. எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது ஒழுங்கான விதி.

2023 பிப்ரவரி. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி, நூலகத்தின் பின்மூலை. பிள்ளை தொடக்கநிலை 4. அவள் வகுப்பில் அந்த வாரம் காரணிகளும் மடங்குகளும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது பேரை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டு பின்னால் போய்க் கழித்தல் சொல்லித்தர எந்த ஆசிரியராலும் முடியாது. அவள் தப்பாகச் செய்கிறாள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். எப்படித் தப்பாகச் செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் நேரம் கிடையாது.

அந்த மூலையில் தொடங்கிய ஒரு சின்னத் துணைப்பாடத் திட்டம் முதல் ஆண்டு நன்றாக ஓடியது. இரண்டாம் ஆண்டு பெரிதாக்கினோம், படுத்துவிட்டது. அதன் ஒருங்கிணைப்பாளர்களில் நானும் ஒருவன், ஆகவே தப்பில் எனக்கும் பங்கு உண்டு. பள்ளியின் பெயரும் பணம் கொடுத்த அமைப்பின் பெயரும் இங்கே வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும்.

எங்கே ஓட்டை விழுந்தது

கொரோனா காலத்தில் சிங்கப்பூரில் பள்ளிகள் அதிக நாள் மூடிக் கிடக்கவில்லை. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாரும் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். ஜூன் விடுமுறையை மே 5ஆம் தேதிக்கே முன்னால் இழுத்தார்கள். ஜூன் 2 முதல் மாணவர்கள் மாறி மாறி வந்தார்கள், ஜூன் 29இலிருந்து எல்லாரும் தினமும் வந்தார்கள். மறுபடி 2021 மே 19 முதல் 28 வரை வீட்டிலிருந்து கற்றல். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போய் 2021 நவம்பரில்தான் வகுப்பறையைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நம்முடையது ஒன்றுமே இல்லை.

அனைத்துலகத் தேர்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. தொடக்கநிலை 4 மாணவர்களின் வாசிப்பை அளக்கும் பெர்ல்ஸ் ஆய்வில் 2016இல் 576 புள்ளி எடுத்த சிங்கப்பூர், 2021இல் 587 எடுத்து முதலிடம் பிடித்தது. 15 வயதினருக்கான பீசா தேர்வில் கணக்கு மதிப்பெண் 2018இல் 569, 2022இல் 575. அதே காலத்தில் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளின் கணக்குச் சராசரி ஏறக்குறைய 15 புள்ளி சரிந்தது. வாசிப்பில் மட்டும் நாம் 549இலிருந்து 543க்கு இறங்கினோம். சிங்கப்பூரில் கற்றல் இழப்பு என்ற பேச்சே தேவையில்லை என்று சொல்பவர்களுக்கு இந்த எண்கள் போதும்.

எனக்குப் போதவில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு பேசியிருக்கிறேன். மூவறை வீடு, மூன்று பிள்ளைகள். அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை, அதனால் சர்க்யூட் பிரேக்கர் என்று இங்கே சொன்ன ஊரடங்குக் காலத்திலும் தினமும் வெளியே போனவர். அப்பா லாரி ஓட்டுகிறார். பள்ளி கொடுத்த மடிக்கணினியை உயர்நிலையில் படிக்கும் மூத்தவன் வைத்துக்கொண்டான். அது நியாயம்தான், அவனுக்குத்தான் நேரடிப் பாடம் அதிகம். கடைக்குட்டியான இவளுக்கு அம்மாவின் கைத்தொலைபேசி. அதுவும் அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகு. ‘அந்தச் சின்னத் திரையில என்ன தெரிஞ்சுச்சோ, என்ன தெரியலையோ அண்ணே. நான் சோறாக்கப் போயிடுவேன்’ என்றார்.

2020இல் அவள் தொடக்கநிலை 1. பள்ளி என்றால் என்ன என்று பழகத் தொடங்கி மூன்று மாதம். 2021இல் தொடக்கநிலை 2. மூவிலக்க எண்களில் இடமதிப்பை மாற்றிக் கழிப்பது அந்த ஆண்டுப் பாடம். அது சரியாகக் கையில் ஏறவில்லை. ஏறாத இடத்தைப் பாட்டி நிரப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் படித்தவர், ‘பக்கத்து வீட்ல கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். பள்ளியில் ஆசிரியை ‘ரீகுரூப்’ என்றார். இரண்டும் ஒரே விஷயம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டாள்.

இந்த மாதிரி ஓட்டை தேசியச் சராசரியில் தெரியாது. ஒரே வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஐந்தாறு வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

சில்லறை

கடன் என்ற சொல்லே அவளைக் குழப்பியிருந்தது. இரண்டாம் வாரம் அதை விளக்கப் போனபோது கேட்டாள்: ‘டீச்சர், கடன் வாங்கினா எப்பத் திருப்பிக் குடுப்போம்?’

நல்ல கேள்வி. நாற்பது ஆண்டாகத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருக்க வேண்டியது. அந்தக் கணக்கில் யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதே இல்லை.

மறுநாள் விளையாட்டுப் பணம் கொண்டுபோனேன். நம் ஊர்ப் பணம் இதற்கென்றே செய்தது போல் இருக்கும்: 100 வெள்ளி நோட்டு, 10 வெள்ளி நோட்டு, 1 வெள்ளி நாணயம். ஐந்து நூறும் இரண்டு நாணயமும் அவள் கையில் கொடுத்து, ‘நான் கடைக்காரன், எனக்கு 187 வெள்ளி குடு. சரியாக் குடு, என்கிட்டச் சில்லறை இல்லை’ என்றேன். முதலில் ஒரு நூறை நீட்டினாள். அப்புறம் எண்பது வேண்டுமே என்று பார்த்தாள். பத்து வெள்ளி நோட்டு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்த பையன், எப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன், ‘நூறை மாத்து’ என்றான். நடுவில் இருந்த டப்பாதான் வங்கி. நூறைப் போட்டுவிட்டு பத்து பத்துகளை எடுத்தாள். பத்தில் ஒன்றை மறுபடி மாற்றிப் பத்து நாணயம் எடுத்தாள். கொடுத்து முடித்ததும் மீதியை எண்ணினாள்: மூன்று நூறு, ஒரு பத்து, ஐந்து நாணயம். 315.

அவள் தாளில் எழுதியிருந்த 485ஐயும் கையில் இருந்த 315ஐயும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மேசையில் இருந்த மூன்றாவது பிள்ளைதான், ‘500ல நீ 187 குடுத்துட்டு 485 மிச்சம்னா, அந்தக் கடைக்கு நானும் வரேன்’ என்றான்.

அன்றிலிருந்து எங்கள் மேசையில் கடனும் இல்லை, ரீகுரூப்பும் இல்லை. சில்லறை மாற்றுவதுதான். ஆனால் ஒரு நாளில் அது நிலைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே 600இலிருந்து 248ஐக் கழிக்கச் சொன்னபோது பழைய விதி திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. வாரத்துக்கு மூன்று தடவை பக்கத்தில் ஒருவர் இருந்து, அது வரும்போதெல்லாம் பார்த்து, டப்பாவைக் கண்ணால் காட்டியதால்தான் ஏப்ரல் முடிவுக்குள் ஓய்ந்தது.

அமைப்பு

முதல் ஆண்டு 12 பிள்ளைகள், நான்கு பேர் சொல்லிக்கொடுக்க. மேசைக்கு மூன்று பேர். வாரம் மூன்று தடவை, தடவைக்கு 40 நிமிடம். ஒரு மேசைக்கு ஒரே ஆள், ஆண்டு முழுக்க. இரண்டு நாள் கணக்குப் பாட வேளையிலேயே பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் பள்ளி முடிந்ததும் கேன்டீனில் ஒரு தட்டு மீ கோரெங்கும் மைலோவும் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்போம்.

எந்த வேளையில் அழைப்பது என்பதில்தான் பெரிய இழுபறி. 12 பேரும் தமிழ் படிக்கும் பிள்ளைகள், ஆகவே தமிழ் வேளையில் மொத்தமாக எடுத்துக்கொண்டால் கால அட்டவணை கலையாது என்று ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. தமிழாசிரியை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: ‘நாள் முழுக்க இந்தப் பிள்ளைங்க தலை நிமிர்ந்து உக்கார்ற ஒரே வகுப்பு இது. அதையும் எடுத்துக்காதீங்க.’ அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இதில் நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. தொடக்கநிலை 1இல் சேரும்போதே ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளைச் சோதித்துக் கண்டறிந்து, எட்டுப் பத்துப் பேர் குழுவாக, நாள்தோறும் அரை மணி நேரம் தனியே சொல்லிக்கொடுக்கும் கற்றல் ஆதரவுத் திட்டம் கல்வி அமைச்சிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. நாள்தோறும், பள்ளி நேரத்துக்குள்ளே, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரோடு. எப்படிச் செய்ய வேண்டும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். எங்கள் 12 பேரின் ஓட்டை அந்த வயதைத் தாண்டிய பிறகு வெளியே தெரிந்தது, அதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் இதற்கு ஹை-டோசேஜ் டியூட்டரிங் என்று பெயர். டோஸ் என்பது மருந்துக்கடைச் சொல். வாரம் மூன்று தடவையாவது, தடவைக்கு அரை மணியாவது, மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லாமல், ஆள் மாறாமல், முடிந்தவரை பள்ளி நேரத்துக்குள். இந்த அளவுக்குக் கீழே போனால் மருந்து வேலை செய்யாது என்பது பெயரிலேயே இருக்கிறது. சிக்காகோ உயர்நிலைப் பள்ளிகளில் சாகா என்ற அமைப்பு ஓர் ஆளுக்கு இரண்டு மாணவர் என்று தினமும் ஒரு பாட வேளை கணக்குச் சொல்லிக்கொடுத்தது. 2023இல் வெளியான அதன் ஆய்வில் மதிப்பெண் 0.18 முதல் 0.40 திட்டவிலக்கம் வரை ஏறியது (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம்). பதினைந்து வயதுக்கு மேல் கணக்கில் யாரையும் தூக்கிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அதற்கு முன்பே, 2020இல், 96 சோதனை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சராசரி விளைவு 0.37 திட்டவிலக்கம் என்றார்கள். கல்வியில் இவ்வளவு பெரிய எண் அபூர்வம்.

எங்கள் 12 பேருக்கு இப்படி எண் எதுவும் தர முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. வீட்டில் என்ன மாறியது, வகுப்பாசிரியை என்ன செய்தார் என்பதெல்லாம் கலந்து கிடக்கிறது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆண்டு முடியும்போது அவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது அந்தந்த மேசைக்காரருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பிள்ளைகளும் அநேகமாக எல்லா நாளும் வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள், பள்ளியில்தானே இருந்தார்கள்.

நாற்பத்தெட்டு

2023 நவம்பரில் ஒரு சின்ன ஒன்றுகூடல் வைத்தோம். பணம் கொடுத்த அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் சில்லறை மாற்றிக் காட்டினார்கள். வந்தவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘இவ்வளவு நல்லா நடக்குதே, இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்க்கலாமே’ என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன்.

2024 ஜனவரியில் பிள்ளைகள் 48 பேர். பக்கத்து இரண்டு பள்ளிகளிலிருந்தும் சேர்ந்தார்கள். மூன்று பள்ளிப் பிள்ளைகளை எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் நுழைக்க முடியாது, ஆகவே வகுப்பு சமூக மன்றத்துக்கு இடம் மாறியது. சனிக்கிழமை காலை 10 மணி முதல் 11.15 வரை, வாரம் ஒரு தடவை. சொல்லிக்கொடுப்பவர்கள் நான்கிலிருந்து ஏழாக உயர்ந்தார்கள். அது சாதனை என்று அப்போது பேசிக்கொண்டோம். 48 டி-ஷர்ட் அடித்தோம்.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கிறது. முதல் ஆண்டு நான்கு பேர், ஆளுக்கு வாரம் 120 நிமிடம்: மொத்தம் 480 நிமிடம். இரண்டாம் ஆண்டு ஏழு பேர், ஆளுக்கு 75 நிமிடம்: மொத்தம் 525. பிள்ளைகள் நான்கு மடங்கு, சொல்லிக்கொடுக்கும் நேரமோ முக்கால் மணி நேரம்தான் கூடியிருக்கிறது. ஒரு பிள்ளையின் பங்கு வாரத்துக்கு 40 நிமிடமாக இருந்தது 11 நிமிடமாகிவிட்டது. திட்டத்தை விரித்தோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அதே அரிசியில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கினோம்.

அந்த 11 நிமிடமும் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்கி, 11.15க்குச் சரியாக வந்து ஏற்றிக்கொள்ளும் பெற்றோரின் பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள். அதில் சிலருக்கு அன்று மத்தியானமே இன்னொரு டியூஷன் இருந்தது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் டியூஷனுக்குச் செலவழித்தது 1.8 பில்லியன் வெள்ளி, அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 1.4 பில்லியன். அந்தக் கடலில் நாங்களும் ஒரு சொம்புத் தண்ணீர். 485 எழுதிய பிள்ளை முதல் ஆறு வாரத்தில் இரண்டு தடவைதான் வந்தாள். அம்மாவுக்குச் சனிக்கிழமை வேலைமுறை, அண்ணனுக்குப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை, பாட்டிக்கு முழங்கால் வலி. பேருந்தில் மூன்று நிறுத்தம்தான். ஆனால் கூட்டிக்கொண்டு வர ஆள் வேண்டுமே.

ஆட்களும் நிலைக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள். ஒருவன் ஏப்ரலில் தேசிய சேவைக்குப் போனான். ஒருத்தி வேலைப் பயிற்சிக்குப் போனாள். தேர்வுக் காலத்தில் மற்றவர்களும் காணாமல் போனார்கள். புது ஆள் வந்து உட்காரும்போது பிள்ளையின் பழைய தப்பு அவருக்குத் தெரியாது.

அப்புறம் ஒர்க்‌ஷீட் வந்தது. இதை நான் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் சரிவு எங்கே என்று எனக்குப் புரிந்தது அதைப் பார்த்துத்தான். ஏழு பிள்ளை, ஏழு வெவ்வேறு ஓட்டை, 75 நிமிடம். எந்த மனிதராக இருந்தாலும் ஒரு தாளை நகல் எடுத்து ஏழு பேருக்கும் கொடுத்துவிட்டு, முடித்தவன் தாளைத் திருத்துவார். தாள் வந்த நொடியே பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்று பார்ப்பது நின்றுபோகிறது. விடை மட்டும்தான் கண்ணில் படுகிறது. நாற்பது பேர் வகுப்பில் எது நடந்ததோ அதையே ஏழு பேரை வைத்துக்கொண்டு செய்தோம், அதுவும் குறைவான பயிற்சியோடு.

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒரு அம்மா எங்களோடு முதல் ஆண்டிலிருந்து இருக்கிறார். மே மாதம் ஒரு சனிக்கிழமை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: ‘தம்பி, நாம இப்ப பிள்ளைங்களைப் பார்த்துக்குறோம். சொல்லிக் குடுக்கல.’

மற்ற இடங்களில்

எங்களுக்கு நடந்தது பெரிய அளவில் பணக்கார நாடுகளிலேயே நடந்திருக்கிறது என்று பிறகு படித்தபோது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இங்கிலாந்து 2020 நவம்பரில் தேசிய டியூட்டரிங் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைக்குப் 15 மணி நேரம் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு மேற்பார்வைக்கு எடுத்த தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைத் தொடராமல், 2022 செப்டம்பரிலிருந்து பணத்தை நேரே பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். மானிய விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது, மீதியைப் பள்ளி தன் கையிலிருந்து போட வேண்டும். 2024 ஆகஸ்டில் திட்டம் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021இல் 4,000க்கும் அதிகமான டியூட்டர்களைப் பள்ளிகளுக்குள்ளேயே அமர்த்தியது. 2024இல் மாநிலத் தணிக்கைத் தலைவர் பார்த்தபோது, உதவி பெற்ற மாணவர்கள் அதே நிலையில் இருந்து உதவி பெறாதவர்களைவிடக் குறிப்பிடும்படி முன்னேறவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாசிப்பில் சின்ன முன்னேற்றம், கணக்கில் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டியவர்கள் 2024இல் சொன்னது: திட்டம் பெரிதாகும்போது விளைவு மூன்றில் ஒரு பங்காகவோ பாதியாகவோ சுருங்குகிறது.

ஆனால் பெரிதானாலே கெடும் என்று முடிவு கட்டவும் முடியவில்லை. நம் ஆட்களின் கதை குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டின் ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வரை போனது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், 2021 டிசம்பரில் அவர்கள் கணக்கில் 0.7, தமிழில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் என்று கணக்கிட்டார்கள். குழுவோ சின்னதில்லை, ஒருவருக்கு இருபது பிள்ளைகள் வரை.

அப்படியானால் எங்கள் ‘மூன்று பேர்’ தெய்வ வாக்கு இல்லை. அங்கே ஏன் தாங்கியது? என் கணிப்பு இரண்டு. ஒன்று, இழப்பு எல்லாருக்கும் பொது. எல்லாப் பிள்ளையும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளியை இழந்தவர்கள், இருபது பேருக்கு ஒரே பாடத்தைத் தொடங்கலாம். எங்கள் ஊரில் ஓட்டை ஆளுக்கு ஓர் இடத்தில். இரண்டாவது, தூரம். சொல்லிக்கொடுத்த பெண் அதே தெருக்காரர். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் வாசலில் நின்று கூப்பிடலாம். நாங்கள் மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மறுபடி மேசை

ஜூன் விடுமுறையில் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தினோம். அதற்கு இரண்டு கூட்டமும் ஒரு மனக்கசப்பும் தேவைப்பட்டன. ஜூலையில் மறுபடி பள்ளிக்குள் போனோம், இம்முறை மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கு. தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் இப்போது அது இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய பிள்ளைகளில் பலர் சாயங்காலம்வரை அங்கேதான் இருக்கிறார்கள், யாரும் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. கொஞ்சம் பேர் அங்கே சேரவில்லை. அவர்களைப் பழையபடி மீ கோரெங் கொடுத்துப் பிடித்தோம். டி-ஷர்ட்டுக்கும் அச்சடித்த பயிற்சிப் புத்தகத்துக்கும் ஒதுக்கிய பணத்தை எடுத்துச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் படியாகக் கொடுத்தோம். அதன் பிறகுதான் ஆறு பேர் வாரம் மூன்று நாள் வருவதாக ஒப்புக்கொண்டு, அதே மேசையில் ஆண்டு முடியும்வரை நின்றார்கள். ஆறு மேசை, மேசைக்கு மூன்று, 18 பிள்ளைகள்.

அதாவது 30 பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்துக் கணக்கு கொடுத்துப் பார்த்தோம். தடுக்கி விழுந்தவர்களில் வேறு டியூஷன் இல்லாதவர்களை எடுத்தோம். மற்றவர்களுக்குச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புக்குப் பதிவு செய்ய உதவினோம். நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும் நிதியில் நடக்கும் அந்த வகுப்புகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எட்டுகின்றன, பாடத்தை ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். இதையெல்லாம் தொலைபேசியில் ஒரு தாயிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகன் பத்தில் ஆறு சரியாகப் போட்டிருந்தான், நாங்கள் ஐந்தோடு கோடு போட்டோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அப்ப அவன் இன்னும் ஒண்ணு தப்பாப் போட்டிருந்தா எடுத்திருப்பீங்க, இல்லையா அண்ணே?’ என்றார். ஆமாம் என்பதைத் தவிர சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கோட்டை இன்னமும் எனக்கு நியாயப்படுத்தத் தெரியவில்லை.

485 எழுதிய பிள்ளை 18 பேரில் ஒருத்தி. தொடக்கநிலை 5இல் கணக்கை, எளிதான அடிப்படை நிலைக்கு இறங்காமல், ஸ்டாண்டர்டு நிலையிலேயே படித்தாள். எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். செப்டம்பரில் பின்னக் கழித்தல் வந்தது: 3இலிருந்து ஐந்தில் இரண்டு போக மீதி எவ்வளவு. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா அப்போது மேசையில் இல்லை. ‘ஒண்ணை அஞ்சா மாத்தணும்’ என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினாள்.

ஆண்டு முடிந்து அறிக்கை அனுப்பினோம். படிவத்தில் ஒரு கட்டம்தான் பெரியது: பயனடைந்த மாணவர் எண்ணிக்கை. 2023இல் 12. 2024 முதல் பாதி 48. இரண்டாம் பாதி 18. ஜனவரியில் அமைப்பின் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார்.

‘சார், 48க்கு அப்புறம் 18ன்னு இருக்கு. 81ஆ இருக்குமோ? இடம் மாறிடுச்சோ?’

‘இல்லைங்க. 18தான்.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. விசைப்பலகை தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

‘சரி சார். அப்ப குறிப்புல ஒரு வரி எழுதிக் குடுங்க, ஏன் குறைஞ்சுச்சுன்னு.’

வாரம் மூன்று நாள், மேசைக்கு மூன்று பேர், ஆள் மாறவில்லை என்று எழுதி அனுப்பினேன்.